காயாத சாம்பல்

எங்கள் ஊரில் சாம்பல் பெயிண்ட் காயாமல் போன வருஷத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள். அதில் பாதி புளுகு, மீதிப் பாதி எங்கள் ஊரில் பெண் கேட்டுக் கிடைக்காதவர்கள் வயிற்றெரிச்சலில் கட்டிவிட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன். நான் அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவள், முன்னால் நின்றவள், யார் போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டாதவள்.

ஊசிமேடு பெரிய ஊர் இல்லை. கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தால் உளுந்துக் காடு முடிகிற இடத்தில் தீப்பெட்டி ஆபீஸின் கூரை தெரியும், அதற்குப் பின்னால் நாங்கள். ஆனால் ஊர் மண்டபத்துக்குள் போனால் அங்கே இன்னொரு ஊசிமேடு இருக்கும். பெரிய பலகைமேல் தெருவுக்குத் தெரு, வாசலுக்கு வாசல், தண்ணீர்த் தொட்டி, பஸ் நிற்கிற வேப்பமரம், அதனடியில் படுத்திருக்கிற நாய் என்று எதுவும் விட்டுப்போகாமல், அந்தத் தெருக்களில் நாங்கள் எல்லோரும் சுண்டுவிரல் உயரத்துக்கு மண்பொம்மையாக நின்றுகொண்டிருப்போம். குட்டி ஊர் என்று அதற்குப் பேர். பிள்ளை பிறந்தால் ஒரு பொம்மை கூடும், ஆள் போய்ச் சேர்ந்தால் அந்தப் பொம்மையைக் கண்மாயில் கரைத்துவிட்டு வருவோம், இடைப்பட்ட காலம் முழுக்க மார்கழிக்கு மார்கழி, வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறபோது, பொம்மைகளுக்கும் புதுப் பெயிண்ட் அடிப்போம்.

யாருக்கு என்ன நிறம் என்பதை ஊர்க் கமிட்டி சொல்லும். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கிளிப்பச்சை, ஆனவளுக்கு அரக்கு, பிள்ளை பெற்றவளுக்கு அரக்கில் மஞ்சள் கரை, புருஷன் செத்தவளுக்குச் சாம்பல். ஆம்பிளைகளுக்கு வெள்ளை வேட்டி, பிறந்ததிலிருந்து சாகிறவரைக்கும் அதே வெள்ளை வேட்டி, அவர்களுக்கு இந்த உலகத்தில் எதுவுமே நடப்பதில்லை போலிருக்கிறது. எனக்கு முப்பத்தெட்டு வயசிலும் கிளிப்பச்சைதான், அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. பெயிண்ட் காய்ந்து, பொம்மை திரும்பவும் குட்டி ஊரில் தன் வாசலில் நின்ற நிமிஷத்திலிருந்துதான் அந்த நிறம் ஆளைச் சேரும் என்பது முறை. சாம்பல் சேர்ந்தவள் பூ வைக்கக் கூடாது, பொங்கல் பானையில் முதல் அரிசி போடக் கூடாது, கல்யாண வீட்டில் கடைசி வரிசையைத் தாண்டக் கூடாது.

அந்த வருஷம் ஐப்பசியில் கருத்தபாண்டி நெஞ்சுவலியில் செத்துப்போனான். மில்லில் பஞ்சு மூட்டை சுமக்கிறவன், நல்ல மனுஷன், சத்தமாகச் சிரிப்பான். அவன் பெண்டாட்டி செண்பகவல்லிதான் எங்கள் ஊர்ப் பொம்மைகளுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறவள், எங்கள் மூக்கையும் முழியையும் பிரஷ் நுனியில் வைத்திருக்கிறவள். அவள் அழுது முடிப்பதற்குள் மார்கழி வந்துவிட்டது. கமிட்டி ஆள் அனுப்பிச் சொன்னபடி, யாரிடமும் எதுவும் கேட்காமல், தன் பொம்மையைத் தானே எடுத்து, அரக்கையும் மஞ்சள் கரையையும் சுரண்டி, அதன்மேல் சாம்பல் பூசி, மற்ற பொம்மைகளோடு சேர்த்து மண்டபத்து வாசலில் வெயிலில் வைத்தாள். சாயங்காலம் எல்லாம் காய்ந்திருந்தது, அவளுடையது காயவில்லை. மறுநாளும் காயவில்லை. அதற்கு மறுநாள் எடுத்துப் பார்த்தவனின் கட்டைவிரலில் சாம்பல் அப்பியதே தவிர, பொம்மையில் ஈரம் அப்படியே இருந்தது.

நாங்கள் ஒன்றும் அதிசயப்பட்டு வாயைப் பிளக்கவில்லை, எங்களுக்கு வேறு சோலி இருந்தது. மாடியில் வைத்துப் பார்த்தோம், கோழிக் கூண்டுக்குள் பல்பைப் போட்டுப் பக்கத்தில் வைத்தோம், ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தால் துணி நிறைய வந்ததே தவிரப் பொம்மையில் குறையவில்லை. தை பிறந்தபோது பழைய சாம்பல்களும் ஊறத் தொடங்கின. முப்பிடாதி அக்கா பத்தொன்பது வயசில் தாலியறுத்தவள், அவள் பொம்மையில் வருஷத்துக்கொரு பூச்சாக ஏறி ஏறி மரப்பட்டைபோல் இறுகிக் கிடந்த சாம்பல் ஒரு காலையில் இளகி, குட்டித் தெருவில் வழிந்து, குட்டி வேப்பமரத்தடி நாயின் வாலை நனைத்தது. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக எல்லாச் சாம்பலும் ஈரமாக, அந்தப் பொம்மைகளையும் வாசல்களிலிருந்து எடுத்து வெளியே வைத்தோம்.

காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்காமல் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இருப்புக் கொள்ளாது. தொட்ட கையோடு வீட்டுக்குப் போவார்கள், கதவைத் தொடுவார்கள், சோற்றைத் தொடுவார்கள், பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுவார்கள். கொஞ்ச காலத்தில் ஊரில் சாம்பல் விரலடையாளம் இல்லாத சுவர் இல்லை. டீக்கடையில் மண்ணெண்ணெய் நனைத்த துணி ஒன்றை ஆணியில் மாட்டி வைத்தார்கள், டம்ளரை வாங்குகிறவர்கள் முதலில் அதில் கையைத் துடைப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வதற்கு முன்னால் உள்ளங்கையைக் காட்டினார்கள். கோவிலில் பூசாரி கொடுத்த திருநீறு எது, தட்டில் இருந்த கறை எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் நெற்றியில் பூசிக்கொண்டு போனோம், சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஊர்க் கமிட்டியை உறுத்தியது கறை இல்லை. காயாத பொம்மையைக் குட்டி ஊரில் அதன் வாசலில் வைக்க முடியாது, வைக்காத பொம்மையின் நிறம் ஆளைச் சேராது, சேராத நிறத்துக்குப் பூ கூடாது, பொங்கல் கூடாது என்ற விலக்கும் கிடையாது. இதை முதலில் கண்டுபிடித்தவள் முப்பிடாதி அக்கா. ஒரு வெள்ளிக்கிழமை அவள் தலை நிறைய மல்லிகைப்பூவோடு சந்தைக்கு வந்து, கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, பார்த்த எல்லோரையும் திரும்பப் பார்த்துவிட்டுப் போனாள். கேட்டதற்கு, இன்னும் காயலையே என்று மட்டும் சொன்னாளாம். அடுத்த வெள்ளிக்கிழமை அவளோடு இன்னும் மூன்று பேர் பூ வைத்திருந்தார்கள். பூக்காரி சந்தோஷமாக இருந்தாள்.

கமிட்டித் தலைவர் அய்யலுச்சாமி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முறை என்று ஒன்று இருந்தால்தான் ஊர் ஊராக இருக்கும் என்று நம்புகிறவர், நம்புகிறதைச் சத்தமாகச் சொல்கிறவர். அவர் பெண்டாட்டி கோமதி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள், என்றாலும் ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் முன்வரிசை நாற்காலி அவருக்குத்தான், தாலியை முதலில் தொட்டுக் கொடுப்பதும் அவர்தான், ஏனென்றால் அவருடைய வேட்டி வெள்ளை. அவர் கமிட்டியைக் கூட்டினார். மனுஷர்களில் கோளாறு இல்லை, முறையில் கோளாறு இல்லை, அப்படியானால் பெயிண்டில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். அத்தனை காலமாக நாங்கள் வாங்குவது கொண்டைச்சேவல் பெயிண்ட். மூடியில் சேவல் படம் போட்ட சின்ன டின். அதை விட்டுவிட்டு நவசித்ரா என்ற புதுப் பெயிண்டுக்கு மாறுவது என்று பேசினார்கள். அந்தக் கம்பெனி ஆள் பைக்கில் வந்து, எந்தப் பொம்மையில் பூசினாலும், எந்த மழையில் பூசினாலும், பிரஷ்ஷை எடுக்கும்முன் காயும், காய்ந்தால் தின்னருக்கும் அசையாது என்று சொல்லிவிட்டு, மாதிரிக்கு ஒரு டின் கொடுத்துவிட்டுப் போனான். எது காயவில்லையோ அதற்கு மட்டும் பார்த்தால் போதாதா என்று கமிட்டி கேட்டு வாங்கியது சாம்பல் டின் ஒன்றுதான்.

ஆனால் டின்னை அவர்கள் திறக்க முடியாது. பொம்மைக்குரிய டின்னைப் பெயிண்ட் அடிக்கிறவள் கைதான் திறக்க வேண்டும், அதுவும் முறை. அதனால் ஊரே செண்பகவல்லி வாசலுக்கு வந்து நின்றது.

அவள் டின்னைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். குட்டிப் பொம்மைக்கு அடிக்கிற பெயிண்ட் சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் இல்லை. கெட்டியாக இருந்தால் மூக்கு மூடிப்போகும், நீர்த்தால் சேலை மடிப்பில் போய்த் தேங்கி நிற்கும், ஒரு கம்பெனிப் பெயிண்டின் குணம் கைக்குப் பழக வருஷக்கணக்காகும், பாதியில் மாற்றினால் ஊர் முகமே மாறிவிடும் என்று சொன்னாள். அது உண்மைதான். ஆனால் அதற்காக அவள் தயங்கவில்லை என்பது வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அவள் மகள் பூரணத்துக்கு மாசியில் கல்யாணம். சாம்பல் காய்ந்துவிட்டால் அவள் மண்டபத்தின் கடைசி வரிசையில், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று, மகள் கழுத்தில் தாலி ஏறுவதைத் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும். காயாவிட்டால் கல்யாணமே நடக்காது, ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டார், பெண்ணைப் பெற்றவளின் சமாச்சாரம் இப்படி ஈரமாகக் கிடக்கும்போது எப்படித் தாம்பூலம் மாற்றுவது என்று கேட்டுவிட்டார்கள்.

பூரணம் ரொம்பப் பேசுகிற பெண் இல்லை. அன்றைக்குக் கூட்டத்துக்கு முன்னால் வந்து, "எம்மா, நீ கடைசி வரிசையில நின்னு பாக்குற கல்யாணம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். செண்பகவல்லிக்கு அது ஆறுதலாக இல்லை, இன்னும் பாரமாகத்தான் இருந்தது. மகளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, அதை அவள் மறைக்கத் தெரியாமல் இருந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். அதோடு செண்பகவல்லிக்கும் அலுத்துப்போயிருந்தது. தொட்டதெல்லாம் கறை, மகளுக்கு எடுத்த கூறைப்பட்டின் முந்தானையிலேகூட ஒரு கட்டைவிரல் சாம்பல். காய்ந்து தொலையட்டும், எல்லாம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை, என்னிடமே சொன்னாள்.

மறுநாள் காலையில் தலைவரே வந்தார். நான் அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா செம்பகம், ஊரு முழுக்க உன் ஒரு கையப் பாத்துக் காத்துக் கெடக்கு. பாண்டி போனதுல உனக்குத் துக்கம் இல்லையா?" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி. ராவும் பகலும் இருக்கு. அழுகுறது என் சோலி, அத நான் பாத்துக்கிடுதேன். சாம்பல நீங்கதான கொண்டாந்தீக."

அவர் முறை என்றார், முன்னோர் என்றார், ஒருத்திக்காக ஒன்றை மாற்றினால் நாளைக்கு ஒவ்வொன்றாக எல்லாம் போகும் என்றார். அவள் அந்தப் புது டின்னை உருட்டிக்கொண்டிருந்தாள். மூடியில் ஒட்டியிருந்த நிறத்தைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள், திரும்ப மூடியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சரி, புதுப் பெயிண்டை வெள்ளோட்டம் பார்த்துவிடலாம், ஆனால் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும், ஒரு முறையும் குறையக் கூடாது என்றாள். தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. முறையைக் குறைக்க அவர் எப்போது சம்மதித்திருக்கிறார், அப்படியே நடக்கும் என்று நான் பார்க்க, வெங்காயத்தின்மேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளோட்டத்துக்கு ஊரே கூடியது. தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு. குட்டி ஊரின் முன்னால் கோரைப்பாய் விரித்து, செண்பகவல்லி உட்கார்ந்து, ஸ்பூன் காம்பால் நவசித்ரா மூடியை நெம்பித் திறந்தாள். புளித்த வாடை ஒன்று வந்தது. பெயிண்டைக் கலக்கினாள், பிரஷ்ஷைத் தோய்த்தாள், தன் பொம்மை பக்கத்திலேயே ஈரமாகக் கிடக்க, அதை விட்டுவிட்டுக் கையை நீட்டிக் குட்டி ஊரின் நடுத்தெருவில், பெரிய வீட்டு வாசலில், வெள்ளை வேட்டியோடு நின்ற பொம்மையை எடுத்தாள்.

புது டின் திறந்தால் முதல் பிரஷ் தலைவருக்கு. தொட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது, உடுப்பு முழுக்கப் பூசிய பிறகுதான் அடுத்த பொம்மை. பிரஷ் பொம்மையில் இருக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. எத்தனையோ தலைமுறையாக நடக்கிற முறை இது, எங்களில் ஒருவருக்கும் அது உறைக்காததற்குக் காரணம், எப்போதும் முதலில் திறக்கிற டின் வெள்ளையாகவே இருந்ததுதான். சாம்பல் ஒன்றே போதும் என்று சிக்கனம் பிடித்த கமிட்டிக்கும் அது உறைக்கவில்லை. உறைத்தபோது பிரஷ் வேட்டியில் இருந்தது. தலைவர் வாயைத் திறந்தார், பிரஷ் பொம்மையில் இருந்ததால் மூடிக்கொண்டார். அவள் அவசரப்படவில்லை. மேல்துண்டு, சட்டை, கொசுவம், கரை என்று ஒரு மடிப்பு விடாமல் பூசினாள். கெட்டிப் பெயிண்ட்தான், அவள் சொன்னபடியே விரலிடுக்கையெல்லாம் அடைத்துவிட்டது. பிரஷ்ஷை எடுக்கும்முன் காய்ந்துவிட்டது, கம்பெனிக்காரன் அதில் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

காய்ந்த பொம்மையை அவள் முறைப்படி குட்டி ஊரின் நடுத்தெருவில், பெரிய வீட்டு வாசலில் வைத்தாள்.

"நல்ல பெயிண்டு அண்ணாச்சி. யாரு எவருன்னு பாக்காம காயுது. கோமதி மதினி போனப்பவே இது வந்திருக்கணும்" என்றாள்.

மண்டபத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது, நான்தான் சிரித்தேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. தலைவர் எழுந்து வந்தார். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார், தின்னர் ஊற்றித் தேய்த்தார், கம்பெனிக்காரன் அதிலும் பொய் சொல்லவில்லை. முன்வரிசை நாற்காலி அவருக்குப் பின்னால் காலியாகக் கிடந்தது, அதை அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், கமிட்டிக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள், அதில் ஒருவர் யோசனையாகத் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அப்போது தலைவர், பழைய பெயிண்டையே எடு, கொண்டைச்சேவல் வெள்ளையை எடுத்து இதன்மேல் அடி என்றார். அவள் மறுப்புச் சொல்லாமல் எடுத்து அடித்தாள், ஒரு கோட்டு, ரெண்டாவது கோட்டு, பாலாடைபோல் நல்ல வெள்ளை.

அது காயவில்லை. மண்டபத்து வாசலில் வெயிலில் வைத்தோம், காயவில்லை. தலைவர் தொட்டுப் பார்த்தார், கட்டைவிரலில் வெள்ளை வந்தது, வேட்டி ஈரமாகவே இருந்தது. இத்தனை வருஷம் காய்ந்திருந்த வெள்ளை இப்போது மட்டும் ஏன் காயவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கோமதியைப் பற்றி அதுவரை அவரிடம் ஊரில் ஒருத்தரும் விசாரித்ததில்லை, அவளைப் புதைத்த மறுவாரமே ஒரு கல்யாணத்தில் தாலியைத் தொட்டுக் கொடுக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டோம், அவரும் போனார். அவர் அந்த ஈரப் பொம்மையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார். அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது, வந்ததை மறைக்கவில்லை. ஆனால் அவருக்கு இரக்கப்பட்டுக்கொண்டே நின்றால் எங்கள் சோலி எப்போது நடக்கும்.

செண்பகவல்லியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஊர்க் கண்ணெல்லாம் வாசலில் இருக்கும்போது அவள் கொண்டைச்சேவல் அரக்கைத் திறந்து, தன் பொம்மையின் சாம்பலைத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுப் பூசத் தொடங்கினாள். ஈரமாகவே கிடந்ததால் சாம்பல் கொஞ்சமும் ஒட்டாமல் வந்தது. அரக்கு மடிப்பு மடிப்பாகப் போய் இறங்கியது, மூக்கு மூக்காக இருந்தது, மஞ்சள் கரையை இழுத்துவிட்டு அவள் ஊதக்கூட இல்லை, சுண்டுவிரலால் தொட்டு எங்களுக்குக் காட்டினாள். விரலில் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா பெண்கள் பக்கத்தில் எங்களோடு நின்றிருந்தாள். அவள் குனிந்து தானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, காஞ்சிருச்சே, பிறகென்ன, தாம்பூலம் மாத்திர வேண்டியதுதான என்று பொதுவாகச் சொன்னாள். பூரணம் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் உள்ளே வந்தார். குரல் பழைய குரலாக இல்லை, ஆனாலும் பேசினார்.

"செம்பகம், கமிட்டி இன்னும் எதுவும் சொல்லலையே."

"நான் கேக்கலையே அண்ணாச்சி" என்றாள் அவள்.

சொல்லிவிட்டுத் தன் பொம்மையைத் தன் வாசலில் வைத்தாள். கடைசி வரிசையில், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், பாய்கள் நகர்கிற சத்தம் கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, ஆம்பிளைகளின் நடுவே வழி கேட்காமல் வழி எடுத்துக்கொண்டு, முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் நானும் போய் நின்றேன். வரிசைக்கு முதல் ஆள் முப்பிடாதி அக்கா. தன் பொம்மையை அவளே எடுத்து வந்திருந்தாள், சாம்பல் அவள் முழங்கைவரைக்கும் வழிந்திருந்தது. செண்பகவல்லி அவளுக்காக அரக்கு டின்னைப் பக்கத்தில் இழுத்தாள். முப்பிடாதி அக்கா அதைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள். பச்சையைக் காட்டினாள், மஞ்சளைக் காட்டினாள், எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். மண்டபமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கத்தரிப்பூக் கலர் இருக்கா?" என்று கேட்டாள்.

எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும், எந்தப் பெண்ணுக்கும், எந்தக் கமிட்டியும் அப்படி ஒரு நிறம் சொன்னதில்லை. செண்பகவல்லி டின்களை ஒரு தடவை பார்த்தாள், அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"இல்லக்கா" என்றாள். "இரு, கலக்கித் தாரேன்."